சிக்னல்மேன் கிளைட்டன் எழுதின கொரியப் பரீட்சை

கிளைட்டன் எனக்கு மகன் முறை. எப்படின்னா, என் சித்தப்பா மகள் எமில்டாவைக் கட்டினவர் ஆலந்தலை ரோச். அந்த ரோச்சுக்கு மூணு பிள்ளைகள், இவன் கடைக்குட்டி. ரோச்சு முதல்ல பெண் கேட்டு வந்தது எமில்டாவோட அக்காளைத்தான். காப்பி கொண்டுவந்து வச்சது எமில்டா. காப்பி நல்லாயிருக்குன்னு ஆளை மாத்திட்டார். அந்தக் காப்பியால உண்டான பிள்ளை இவன்.

கடல்காரன் மகனுக்குக் கடல் ஒத்துக்கல. முயல்தீவுக்கு ஒருதரம் வள்ளத்துல கூட்டிட்டுப் போனாங்க. போய்ச் சேர்றதுக்குள்ள காலையில தின்ன இட்லி, முந்தின நாள் தின்ன மீன்குழம்பு எல்லாத்தையும் கடலுக்கே திருப்பிக் குடுத்துட்டான். ரோச்சு தலையில அடிச்சுக்கிட்டு, "ஓடுற கப்பல் வேண்டாம், கட்டிப்போட்ட கப்பல்லயாவது வேலை பாக்கட்டும்"னு துறைமுகத்துல சேர்த்துவிட்டார். ஒம்பதாம் வகுப்புப் படிப்புக்கு அதுவே பெருசு. அங்கனதான் அவன் சிக்னல்மேன் ஆனான்.

சிக்னல்மேன்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லுதேன். கப்பல் வயித்துக்குள்ள சரக்கு கிடக்கும். மேல கிரேன்ல உக்காந்திருக்கவனுக்கு அந்தக் குழி தெரியாது. குழி ஓரத்துல ஒருத்தன் நின்னு கையைக் காட்டணும். விரலை மேல நீட்டிச் சுத்துனா ஏத்து. உள்ளங்கையைக் கீழ பாக்க வச்சு மெதுவா அமுக்குனா ஆரியா, அதாவது இறக்கு. முஷ்டி பிடிச்சா நிறுத்து. இருக்கிற இரைச்சல்ல வாயால சொன்னா ஒரு எழவும் கேக்காது. அதனால கிரேன்காரனுக்கு ஒரே வேதம்தான்: கையைப் பாரு, கேள்வி கேக்காதே. கீழ தண்ணிதான் இருக்குன்னு உன் கண்ணே சொன்னாலும், கை இறக்குன்னா இறக்கு.

பத்தொம்பது வருசமா கிளைட்டன் கையைப் பாத்து கிரேன் ஓட்டினவன் ஓட்டப்பிடாரத்துச் சுடலைக்கண்ணன். "எங்க அய்யா பேச்சைக்கூட நான் இப்படிக் கேட்டதில்ல அண்ணே"ம்பான்.

வீட்டுலயும் கிளைட்டனுக்குக் கைதான் பேசும். சோறு போட அவன் வீட்டுக்காரி பிளாரன்ஸ் அகப்பையோட நிப்பா. இவன் உள்ளங்கையை அமுக்குவான், சோறு இறங்கும். முஷ்டி பிடிப்பான், நிக்கும். சர்ச்சுப் பூசையில சாமியார் ரெண்டு கையையும் மேல தூக்கினா எல்லாரும் குனிவாங்க, இவன் அண்ணாந்து பாப்பான், மேல என்ன சரக்கு தொங்குதுன்னு. அந்தப் பிளாரன்ஸ் எங்க வீட்டுக்காரரோட ஒண்ணுவிட்ட தங்கச்சி மகள். அதனால அவங்க ரெண்டுபேரும் சண்டை போட்டா நான் ரெண்டு பக்கத்துக்கும் சாட்சி.

நாப்பத்தேழு வயசுல கிளைட்டனுக்கு முட்டி போச்சு. இனிமே ஏணியில ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஏணி ஏறாத சிக்னல்மேனைக் கப்பல்ல எவன் வச்சிருப்பான்? வீட்டுல உக்காரணும், இல்லேன்னா தரையில ஒரு வேலை கிடைக்கணும்.

அந்த நேரம் பாத்து ஒரு கொரியாக்காரக் கம்பெனி வந்துச்சு. கரண்டு எடுக்கிற காத்தாடிகளோட இறக்கைகளைக் கப்பல்ல கொண்டுவந்து அடுக்கி வைக்கிறதுக்குத் துறைமுகத்துக்கு வெளிய ஒரு யார்டு போட்டாங்க. ஒவ்வொரு இறக்கையும் நாலு பனை நீளம். அதை அடுக்கத் தெரிஞ்ச சூப்பர்வைசர் வேணும். கிளைட்டன் வேலையைப் பாத்து அவங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. ஆனா ஒரு நிபந்தனை வச்சாங்க. வாரவன் போறவன் எல்லாம் கொரியாக்காரன், இறக்கையில எழுதியிருக்கதும் கொரிய எழுத்து. அதனால கொரிய மொழிப் பரீட்சையில முதல் படியாவது தேறின சர்ட்டிபிகேட்டு ஜனவரிக்குள்ள வேணும். இல்லேன்னா சென்னையில இருந்து ஆள் கொண்டுவருவோம்னுட்டாங்க. இதைச் சொன்னது ஜூன் மாசம்.

பிளாரன்ஸ் போனைப் பாத்து விவரம் படிச்சா.

"டோபிக்குன்னு பேருங்க. கொரிய மொழி தாய்மொழியா இல்லாதவங்க அதுல எவ்வளவு தேறியிருக்காங்கன்னு கொரியா அரசாங்கம் வைக்கிற பரீட்சை. மொத்தம் ஆறு படி. கீழ ரெண்டு படிக்கு ஒரு தாள், மேல நாலு படிக்கு வேற தாள்."

"எனக்கு எத்தனை மார்க்கு வேணும்?"

"இருநூத்துக்கு எம்பது எடுத்தா முதல் படி. நூத்தி நாப்பது எடுத்தா ரெண்டாம் படி."

"எம்பது போதும்ளா. ரெண்டாம் படி ஏற முட்டி ஒத்துக்காது."

"கூறுகெட்ட மனுசா, கேளும். காதால கேட்டு எழுத முப்பது கேள்வி, கண்ணால படிச்சு எழுத நாப்பது. ஒவ்வொண்ணுக்கும் நாலு விடை குடுத்திருப்பான், ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கணும்."

"பேசச் சொல்லுவானா?"

"இந்தத் தாள்ல பேச்சு கிடையாது. அதுக்குத் தனியா ஒரு பரீட்சை இருக்காம்."

"தெரியாத கேள்வி வந்தா?"

"குத்துமதிப்பா ஒண்ணைக் கறுப்பாக்கலாம். தப்புக்கு மார்க்கைக் கழிக்க மாட்டானாம்."

"தங்கமான மனுசங்க"ன்னு அன்னைக்கே பேரைக் குடுத்துட்டான். அக்டோபர்ல பரீட்சை.

எழுத்து ஒம்பது நாள்ல வந்துருச்சு. வட்டமும் கோடும் குச்சியுமா, கப்பல் பெட்டியில போட்டிருக்கிற குறி மாதிரிதான் இருக்கும்னான். அம்மாவை அவங்க ஒம்மாங்காங்க, அப்பாவை ஆப்பாங்காங்கன்னு தெரிஞ்சதும், "ஏலே சுடலை, பாதி நம்ம பாஷைதான், மீதியை ஒரு வாரத்துல முடிச்சிருவேன்"னு கப்பல் பூராவும் சொல்லிட்டான். மீதி நாலு மாசமாயும் முடியல.

பிளாரன்ஸுக்குக் கொரியா தொடர்னா உசுரு. எல்லாம் தமிழ்ல பேசவிட்டது. அதனால கொரிய மொழியில ஒரு வார்த்தை தெரியாது, கொரியாவுல உள்ள மாமியார்கள் எல்லாரையும் தெரியும்.

"அங்கன பெரியவங்களுக்கு முன்னால முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் குடிக்கணும். மாமியாக்காரிக்குக் கோவம் வந்தா மூஞ்சியில தண்ணியை ஊத்துவா."

"இது பரீட்சையில வருமாளா?"

"வந்தா என்ன செய்வீரு? தெரிஞ்சு வச்சுக்கிடும்."

புத்தகத்தையும் போனையும் வச்சு அவனாத்தான் படிச்சான். ஒரு நாள் அவனுக்கே ஒரு வழி கிடைச்சுது. கொரியாக்காரனும் நம்மளை மாதிரிதான், செய்தானா செய்யலையான்னு கடைசியிலதான் சொல்லுவான். அதனால ஒவ்வொரு வார்த்தையா இடது கையால மேல தூக்கி நிறுத்திக்கிடணும். 'நேத்து' தூக்கு. 'சந்தையில' தூக்கு. 'ஆப்பிள்' தூக்கு. வாங்கினாளா, தின்னாளா, வித்தாளாங்கிற வார்த்தை வந்தப் பொறவுதான் தரையில இறக்கணும். இப்படிக் கையைத் தூக்கிக்கிட்டுக் கேட்டா அவனுக்கு விளங்கிச்சு. கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டா ஒண்ணும் விளங்கல.

வீட்டுல பழைய கேள்வித்தாளைப் போட்டுப் பாத்தான். எழுபத்தெட்டு, எம்பத்தொண்ணு, எழுபத்தாறு, எம்பத்தி மூணு. வரப்புமேல நடக்கவன் மாதிரி ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம்.

முத்துநகர் ரயில்ல ரெண்டுபேரும் சென்னைக்குப் போனாங்க. பரீட்சை ஞாயித்துக்கிழமை. வாசல்ல நின்ன பையன் கிளைட்டனை மறிச்சு, "அங்கிள், பேரன்ட்ஸ் எல்லாம் வெளிய வெயிட் பண்ணுங்க"ன்னான். உள்ள போறது பூராவும் இருபது வயசுப் பிள்ளைகள். இவன் நுழைவுச்சீட்டை நீட்டுனான். பையன் சீட்டைப் பாத்தான், மீசையைப் பாத்தான், திரும்பவும் சீட்டைப் பாத்தான்.

பிளாரன்ஸ், "அவருதான் தம்பி பரீட்சைக்காரரு. பேரன்ட்ஸ் நான்தான்"ன்னா.

உள்ள போனை வாங்கி வச்சுக்கிட்டாங்க. பென்சில் ஆகாது. ஒரு பக்கம் மெல்லிசு, ஒரு பக்கம் மொத்தமா ஒரு பேனாவை அவங்களே குடுத்தாங்க. விடையை மாத்தணும்னா கையைத் தூக்கணும், வெள்ளை டேப்பு தருவாங்க. கேக்கிற நேரத்துல கேக்கிற கேள்விக்கு மட்டும் எழுதணும், படிக்கிற நேரத்துல படிக்கிற கேள்விக்கு மட்டும். மாத்தி எழுதினா அது முறைகேடு, பரீட்சையே செல்லாது. இதெல்லாம் பிளாரன்ஸ் மூணு தரம் வாசிச்சுக் காட்டியிருந்தா.

மணி அடிச்சுது. ஸ்பீக்கர் பெட்டியில பேச்சு ஓட ஆரம்பிச்சுது. ஒவ்வொண்ணையும் ரெண்டு தரம் போட்டாங்க. முதல் எட்டு கேள்வி சின்னது, கையைத் தூக்காமலே போட்டுட்டான். ஒம்பதாவதுல ஒரு ஆம்பளையும் பொம்பளையும் பேசுதாங்க. கிளைட்டனோட இடது கை தன்னால மேல போச்சு. 'வெள்ளிக்கிழமை' தூக்கு, 'தோழியோட' தூக்கு, 'அருங்காட்சியகத்துக்கு' தூக்கு. சரி, ரெண்டாம் விடைன்னு முடிவு பண்ணித் தலையைத் தூக்குனான்.

முன்னால கண்ணாடி போட்ட ஒரு டீச்சரம்மா மேற்பார்வைக்கு நின்னாங்க. பெட்டி பேசும்போது அவங்க பேசக்கூடாது. அவங்க கிளைட்டனையே பாத்து, உள்ளங்கையைக் கீழ வச்சு, மெதுவா, ரெண்டு தரம் அமுக்குனாங்க.

ஆரியா.

கிளைட்டன் திரும்பிப் பின்னால பாத்தான். கிரேன் ஒண்ணும் இல்ல. டீச்சரம்மா திரும்பவும் அமுக்குனாங்க. விடை நாலும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருக்கு. இவன் யோசிச்சு, ரெண்டை விட்டுட்டு ஒண்ணு இறக்கி, தூக்கின கையால தாளைப் பிடிச்சுக்கிட்டு மூணைக் கறுப்பாக்கினான். டீச்சரம்மா சிரிச்சுத் தலையை ஆட்டினாங்க.

பத்தாவது கேள்விக்கும் கை மேல போச்சு. டீச்சரம்மா அமுக்குனாங்க. இறக்கினான். சிரிச்சாங்க. பதினொண்ணுக்கும் அப்படியே, பன்னெண்டுக்கும் அப்படியே. ஒரு தரம்னா தற்செயல், நாலு தரம்னா டூட்டி. 'நம்ம வயசைப் பாத்து இந்தப் புண்ணியவதி இரக்கப்படுதா'ன்னு அவனுக்குக் கண்ணு கலங்கிப் போச்சாம். இது காப்பியடிக்கிறதுல்லான்னு மனசு ஒரு மூலையில கேட்டுச்சு. ஆனா பத்தொம்பது வருசமா சுடலைக்கண்ணனுக்கு அவன் ஓதின வேதம் என்ன? கையைப் பாரு, கேள்வி கேக்காதே. இன்னைக்குத்தான் அவன் கிரேன்ல உக்காந்திருக்கான், குழி ஓரத்துல வேற ஆள்.

இருபத்திரெண்டாவது கேள்விக்கு இவன் விடையே நாலு. டீச்சரம்மா அமுக்குதாங்க. நாலுக்குக் கீழ எங்க இறக்க? தரை தட்டியாச்சு. அவங்களுக்கு விளங்கட்டும்னு முஷ்டியைப் பிடிச்சு நீட்டிக் காட்டினான். டீச்சரம்மா ரெண்டு அடி பின்னால போனாங்க. கொஞ்ச நேரம் அவங்க இந்தப் பக்கமே பாக்கல. 'கோவிச்சுட்டாப்ல இருக்கு'ன்னு இவன் பாவமா ஒரு கும்பிடு போட்டான்.

முப்பதும் முடிஞ்சு, படிக்கிற பகுதி ஆரம்பிச்சுது. பெட்டிச் சத்தம் நின்னு, ஹாலே அமைதியாயிருச்சு. ரெண்டு வரிசை முன்னால ஒரு பிள்ளை காலை டக்கு டக்குன்னு ஆட்டிக்கிட்டிருந்துச்சு. டீச்சரம்மா அந்தப் பிள்ளையைப் பாத்து, உள்ளங்கையைக் கீழ வச்சு, மெதுவா, ரெண்டு தரம் அமுக்குனாங்க.

அந்தப் பிள்ளை விடையை மாத்தல. காலாட்டுறதை நிறுத்துச்சு.

கிளைட்டனுக்கு நாற்காலி ஆடுச்சு, ஹால் ஆடுச்சு, முயல்தீவு வள்ளத்துலயே திரும்ப ஏறின மாதிரி இருந்துச்சு. அது விடைக்குக் காட்டின கை இல்லேன்னு அப்பத்தான் உறைச்சுது. கையைத் தூக்கினான். டீச்சரம்மா ஓடி வந்து வெள்ளை டேப்பைக் குடுத்தாங்க. ஒம்பதுல இருந்து எல்லாத்தையும் ஒரு படி ஏத்திரலாம். இவன் டேப்பைக் கையில வச்சுக்கிட்டே இருந்தான். கேக்கிற பகுதியை இப்பத் தொட்டா முறைகேடு. அப்பச் செஞ்சது பாவமா முட்டாத்தனமான்னு தெரியாது, இது நிச்சயமாப் பாவம். டேப்பைத் திருப்பிக் குடுத்துட்டான். அதுக்கப்புறம் படிக்கிற பகுதியில ஒரு எழுத்தும் கண்ணுல நிக்கல. பாதிக்கு மேல குத்துமதிப்புதான்.

வெளிய வந்தவனோட ரெண்டு கையும் கால்சட்டைப் பைக்குள்ள கிடந்துச்சு. அதைப் பாத்ததுமே பிளாரன்ஸுக்குப் பக்குன்னு ஆயிருச்சு. ரயில் ஏறினப் பொறவுதான் நடந்ததைச் சொன்னான். அவ விழுப்புரம் வரைக்கும் சிரிச்சா. பொறவு வேலை போச்சேன்னு நினைப்பு வந்து மணியாச்சி வரைக்கும் அழுதா.

நவம்பர் கடைசியில மார்க்கு வந்துச்சு. கிளைட்டன் போனைப் பாக்க மாட்டேன்னு சுவத்தைப் பாத்து உக்காந்துட்டான். பிளாரன்ஸ்தான் பாத்தா.

"ஏங்க, எம்பத்தி மூணு."

"பொய் சொல்லாதளா."

"மாதா மேல சத்தியமா. படிக்கதுல இருபத்தெட்டு. கேக்கதுல அம்பத்தஞ்சு."

வீட்டுல எத்தனையோ தரம் எழுதிப் பாத்திருக்கான், கேக்கதுல நாப்பதுக்கு மேல ஒரு நாளும் வந்ததில்ல.

"அப்படின்னா..."ன்னு கிளைட்டன் இழுத்தான்.

"அப்படின்னா நீரு நினைச்ச விடையெல்லாம் தப்பு. இறக்கினதுதான் ரைட்டு"ன்னா பிளாரன்ஸ்.

சுடலைக்கண்ணன் இதைக் கேட்டுட்டுக் கிரேன் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். "அண்ணே, நீ காட்டின கைக்கு நான் இத்தனை வருசமா சரக்கைச் சரியா இறக்கினேன்லா? அந்தப் புண்ணியம்தான் உன்னை இறக்கிவிட்டுருக்கு."

ஊரே சிரிச்சாலும் கிளைட்டனுக்குச் சோறு இறங்கல. கிறிஸ்துமசுக்கு முந்தி பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான், செஞ்ச பாவத்தைச் சாமியார்கிட்டச் சொல்லி மன்னிப்புக் கேக்க. பாவசங்கீர்த்தனத்துல பேசினது வெளிய வரக்கூடாதுதான். சாமியார் ஒரு வார்த்தை சொல்லல. கிளைட்டனே மூணு வீட்டுல சொன்னான், அதுல எங்க வீடு ஒண்ணு.

"சாமி, பரீட்சையில காப்பியடிச்சேன்."

"யாரைப் பாத்து?"

"மேற்பார்வைக்கு நின்ன டீச்சரைப் பாத்து."

"டீச்சரே விடை சொன்னாங்களா?"

"இல்ல சாமி. கையைக் கீழ போடச் சொன்னாங்க."

"நீரு என்ன செஞ்சீரு?"

"விடையைக் கீழ போட்டேன்."

ரெண்டுபேருக்கும் நடுவுல இருந்த சன்னல் மறைப்பு லேசா ஆடிச்சாம். சாமியாருக்கும் இளவயசு, பாவம், எவ்வளவுதான் அடக்குவார்?

கடைசியில, "காப்பியடிக்க நினைச்சீருல்லா, அதுக்கு மூணு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லும். வேலை குடுக்கவங்ககிட்ட நடந்ததை மறைக்காம சொல்லும். இன்னும் மனசு உறுத்துனா இன்னொரு தரம் எழுதிப் பாரும்"னார்.

யார்டு மேனேஜர் கொரியாக்காரர். அவர்கிட்டப் போய் நின்னு, தெரிஞ்ச கொரிய வார்த்தை அத்தனையையும் ஒண்ணா அடுக்கினான். "டீச்சர் கை கீழ. நான் விடை கீழ. டீச்சர் சிரிப்பு. நான் பாவம்." அந்த மனுசன் முதல்ல முழிச்சார். கிளைட்டன் முதல்ல இருந்து கையோட சேத்து நடிச்சுக் காட்டினான். அவர் கண்ணாடியைக் கழத்தி வச்சுட்டுக் கண்ணைத் துடைச்சார். பக்கத்து ரூம்ல இருந்து இன்னும் ரெண்டு கொரியாக்காரங்களைக் கூப்பிட்டு, திரும்பவும் சொல்லச் சொன்னார். நாலாவது தரம் சொல்லி முடிச்சப்போ, "சர்ட்டிபிகேட்டு ரெண்டு வருசம் செல்லும். உமக்குப் பேசத் தெரியுது. ஜனவரி ஒண்ணாந்தேதி லீவு, ரெண்டாந்தேதி வாரும்"னார்.

வேலை கிடைச்சுது. முட்டிக்கும் நிம்மதி. ஆனாலும் அவன் ஏப்ரல் பரீட்சைக்குத் திரும்பப் பேரைக் குடுத்தான்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு உமக்கு?"ன்னு பிளாரன்ஸ் கேட்டா. "தேறினவன் எவனாவது திரும்ப எழுதுவானா?"

"தேறினது அந்த டீச்சரம்மா கைளா. நான் இன்னும் எழுதவேயில்ல."

அந்தத் தரம் ஹால்ல வேற டீச்சர். கிளைட்டன் இடது கையைத் தொடைக்குக் கீழ வச்சு அது மேல உக்காந்துட்டான். நூறு நிமிசம் அப்படியே. கேக்க வேண்டிய வார்த்தையெல்லாம் தூக்க ஆளில்லாம தரையிலயே கிடந்துச்சு. வெளிய வரும்போது கை மரத்துப் போயி, பிளாரன்ஸ்தான் அவனோட இடது பக்கக் கால்சட்டைப் பையில இருந்து ரயில் டிக்கெட்டை எடுக்க வேண்டியிருந்துச்சு.

மே கடைசியில மார்க்கு வந்துச்சு. கேக்கதுல இருபத்தொம்பது. படிக்கதுல முப்பத்திரெண்டு. மொத்தம் அறுபத்தொண்ணு. பெயிலு.

கிளைட்டன் அன்னைக்கு அரைக்கிலோ முந்திரி மக்ரூன் வாங்கி வந்து தெருவுக்கே குடுத்தான். எனக்கும் ரெண்டு வந்துச்சு. எம்பத்தி மூணு சர்ட்டிபிகேட்டு பீரோவுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் கவர்ல கிடக்கு. அறுபத்தொண்ணைத்தான் பிரிண்டு எடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு, நடுவீட்டுல திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்துல ஆணி அடிச்சு மாட்டப் போனான்.

பிளாரன்ஸ் சுத்தியலைப் பிடிச்சுக்கிட்டா. "பெயில் மார்க்கை ஆண்டவர் பக்கத்துல மாட்டினா, வீடு மந்திரிக்க வர்ற சாமியார் என்ன நினைப்பாரு?"

"அவருதானளா எழுதச் சொன்னாரு."

"பிரிட்ஜுக்கு மேல மாட்டும்."

"ஏளா, இருநூத்துக்கு அறுபத்தொண்ணும் நான் எடுத்ததுளா. ஒரு கை ஒத்தாசை கிடையாது."

"அதான் தெரியுதே"ன்னு சொல்லிட்டு அவ சுத்தியலை விட்டா.